ஊர் தன் சரித்திரத்தைத் தானே எழுதட்டும்

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையோரமாக உள்ள புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அக்கற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், உயிர்விட்ட பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன் என்ற வீரனுக்காக நடப்பட்டது. அக்கல்லில் அரசன் பெயர் இல்லை, ஆட்சியாண்டு இல்லை, வம்சத்தின் பெருமை கூறும் மெய்க்கீர்த்தியும் இல்லை. இறந்தவன் யார், எந்த ஊரான், எந்த ஊர்ப் பூசலில் இறந்தான் என்பதை மட்டும் ஓர் ஊர் ஜனங்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தச் சில சொற்கள் பெரிய சாம்ராஜ்யங்களின் ஏடுகளையும் கடந்து நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்தக் கல்லை நட்டவர்கள் செய்ததை, அதே மண்ணில் வாழும் நாம் செய்யாமல் இருக்கிறோம் என்பதே என் விசாரம். கூடலூர் தொடங்கி வீரபாண்டி வரையில் முல்லையாற்றின் இரு கரைகளிலும், அதற்கு அப்பால் மேகமலைச் சாரலிலும் போடி மலையடிவாரத்திலும் அமைந்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் நீண்ட சரித்திரம் உண்டு. ஆனால் அந்தச் சரித்திரத்தை அந்தந்த ஊராரே கூடி எழுதி, தம் பொறுப்பில் பாதுகாத்து வைத்திருப்பது மிக மிக அபூர்வம். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியது ஏராளம். நாம் நம்மைப் பற்றி எழுதியது சொற்பம்.

சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளைச் சரித்திர மாணவர் அனைவரும் அறிவர். மகாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் மதுரையில் சங்கம் வைக்கப்பட்டதையும் பாண்டிய வம்சத்தின் சாதனைகளாகப் பாராட்டும் அந்த ஏடுகளில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இராஜசிம்ம பாண்டியன் ஓர் ஊரைப் பிரமதேயமாக வழங்கிய செய்தி இருக்கிறது. அரசனின் முன்னோர்களைப் பற்றி எவ்வளவோ பேசுகிற அந்த ஏடு, தானமாகக் கைமாறிய ஊரில் அன்று ஏர் பிடித்தவர்கள் யார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மேலிருந்து எழுதப்படும் சரித்திரத்தின் இயல்பு அது. அதற்காக அந்த ஏட்டைக் குறை கூறுவதற்கில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழிந்து ஆங்கிலேய அதிகாரிகள் எழுத உட்கார்ந்தபோதும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. 1868இல் நெல்சன் எழுதிய மதுரைச் சீமை பற்றிய நூலும், 1906இல் பிரான்சிஸ் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும் நமக்குப் பெரிய உபகாரம் செய்தவை என்பதில் சந்தேகமில்லை. எனினும் தீர்வை வசூலிப்பதற்கும் நிர்வாகம் நடத்துவதற்கும் எவ்வளவு தெரிந்தால் போதுமோ அவ்வளவே அவற்றில் ஊர் தெரிகிறது.

அதே அரசாங்கம், தனிமனிதர் ஒவ்வொருவருடைய பெயரையும் மிகுந்த சிரத்தையோடு எழுதி வைத்த ஏடு ஒன்றும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிறமலைக் கள்ளர்களின் பெயரும் கைரேகையும் பதியப்பட்ட ஏடு அது. அந்தப் பதிவை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். அந்த ஊர் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால் உசிலம்பட்டிப் பக்கத்தில் இருப்பினும், கணவாய்க்கு இப்பால் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சொந்தத் துக்கம். 1947இல் அச்சட்டம் ஒழிந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் இயங்கி வருகின்றன. ஆனால் ரேகை வைத்த கிழவர்களைக் கண்டு கேட்ட பேரப்பிள்ளைகளே இப்போது கிழவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். தன் பெயரை எழுதுவது என்றாலே அது தண்டனைக்காக என்ற அனுபவத்தைப் பெற்ற ஒரு ஜனசமூகம், தன் கதையைத் தன் விருப்பத்தோடு தானே எழுதுகின்ற காரியத்தில் ஒரு தனி நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கின் கள்ளர் வாழ்வையும் உழவையும் பற்றி ஆனந்த் பாண்டியன் என்னும் மானிடவியலாளர் 2009இல் அமெரிக்காவிலிருந்து அருமையான நூலொன்றை வெளியிட்டார். ஆயினும் அது ஆங்கில நூல். அந்நூலில் பேசும் மனிதர்களின் தெருவில் அதைப் படித்தவர்கள் சிலரே இருக்கக்கூடும்.

இந்த விஷயத்தில் ஜெர்மனி தேசத்துச் சிற்றூர்களின் வழக்கம் நம் கவனத்துக்கு உரியது. ஆயிரம் பேர்கூட வசியாத கிராமங்களும் அங்கே தமக்கென ஊர்ச் சரித்திரம் எழுதி வைத்திருப்பது சர்வ சாதாரணம். ஏதேனும் பழைய தான சாசனத்திலோ மடத்து ஏட்டிலோ ஊரின் பெயர் முதன்முதலாக எந்த ஆண்டில் தென்படுகிறதோ, அந்த ஆண்டையே ஊரின் பிறந்த ஆண்டாகக் கொண்டு, 750ஆம் ஆண்டு விழா, 1000ஆம் ஆண்டு விழா என்று ஊர் முழுவதும் கூடிக் கொண்டாடி, அவ்விழாவை முன்னிட்டு ஒரு புத்தகமும் வெளியிடுகிறார்கள். அதை எழுதுகிறவர் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரோ, பாதிரியாரோ, பழைய காகிதங்களில் பிரீதி கொண்ட ஒரு குடியானவரோ, சம்பளம் வாங்காமல் வருஷக்கணக்கில் உழைத்து எழுதுகிறார். தீயணைக்கும் தொண்டர் படையும் பாட்டுக் குழுவும் ஊரின் சொந்த ஸ்தாபனங்களாக இருப்பதுபோல, ஊர்ச் சரித்திரக்காரரும் அங்கே ஒரு ஸ்தாபனம். ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றை ஆலயங்களில் நூற்றாண்டுகளாக எழுதி வந்த பதிவேடுகள் அவருக்கு மூலதனம்.

நம்மிடம் அத்தகைய மூலதனம் இல்லையே என்று சிலர் கூறக்கூடும். அது சரியன்று, நம்மிடம் இருப்பதை நாம் ஆவணம் என்று மதிப்பதில்லை, அவ்வளவே.

அம்மன் கோவிலில் சாமி சாட்டுவதற்கு முன் ஊர்க்கூட்டம் கூடி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, வசூலானதையும் பாக்கி நின்றதையும் நோட்டில் எழுதி வைக்கும் வழக்கம் நம் பள்ளத்தாக்கில் அநேகமாக எல்லா ஊர்களிலும் உண்டு. அந்தத் தலைக்கட்டு நோட்டுகளை ஐம்பது ஆண்டுகளுக்குச் சேர்த்து வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு, ஊரில் எத்தனை குடும்பங்கள் இருந்தன, எந்தக் குடும்பம் எப்போது பங்கு பிரிந்தது, எந்த ஆண்டு மழை பொய்த்து வரி குறைந்தது, வள்ளி திருமண நாடகம் எந்த ஆண்டோடு நின்றது, கரகாட்டம் போய் இன்னிசைக் கச்சேரி எப்போது வந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். சில ஊர்களில் விதவையின் வீட்டை அரைத் தலைக்கட்டாகக் கணக்கிட்டிருப்பார்கள், அதுவும் சரித்திரம்தான். யாருடைய வரியை வாங்கினார்கள், யாருடைய வரியை வேண்டாம் என்றார்கள் என்பது அதைவிடப் பெரிய சரித்திரம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இதைக் காட்டிலும் செழுமையான ஆவணம் மொய் நோட்டு. காதுகுத்து, கல்யாணம், வசந்த விழா என்று எந்த விசேஷமானாலும், பந்தலின் வாயிலில் மேஜை போட்டு இருவர் அமர்ந்து, இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் இவ்வளவு ரூபாய் என்று வரிசையாக எழுதும் அந்த நோட்டை, வீட்டார் நிலப் பத்திரத்துக்குச் சமமாகப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். வாங்கிய செய்முறையைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற தர்மம் அந்தப் பாதுகாப்புக்குக் காரணம். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை மொய் நோட்டுகளை அவர்கள் சம்மதத்தோடு வாசிக்க முடிந்தால், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை இருந்தது, சாதி கடந்த சினேகம் எந்த அளவு இருந்தது, பணத்தின் பெறுமானம் எப்படி மாறியது, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை எந்த ஆண்டில் வாத்தியாராகி மொய் எழுதினார் என்பதெல்லாம் கண்முன் வந்து நிற்கும். எந்த ஐரோப்பியக் கிராமத்து ஆலயப் பதிவேட்டிலும் இவ்வளவு உறவு இராது.

இவையன்றி, இராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களின் ஆலயப் பதிவேடுகள், கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இராவுத்தர் ஜமாஅத்துகளின் நிக்காஹ் புத்தகங்கள், பள்ளிக்கூடங்களின் சேர்க்கைப் பதிவேடுகள், சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரங்கள் என்று எவ்வளவோ உண்டு. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை அரசு ஒழித்தது. அந்த மாற்றம் நியாயமானது, அவசியமானது. ஆனால் மணியகாரர் வீட்டுப் பரணிலும் கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டியிலும் அன்று தங்கிவிட்ட காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த ஊரில் யாரும் முன்வராததால், கரையானுக்குப் போனவை போக மிஞ்சியவையே இனி நமக்கு மிச்சம்.

எழுதப்பட்ட ஆதாரத்துக்கும் ஜனங்களின் ஞாபகத்துக்கும் இடையே முரண்பாடு வந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நம் பள்ளத்தாக்கைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. திருவிதாங்கூரோடு 1886 அக்டோபர் 29 அன்று செய்துகொள்ளப்பட்ட குத்தகை ஒப்பந்தத்தின்பேரில் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டு, 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி வந்தது. இன்று இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக்கின் படத்தைச் சாமி படங்களோடு மாட்டி வைத்த வீடுகளும், அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்ட குடும்பங்களும் இங்கே உண்டு. பாலார்பட்டியில் அவர் பிறந்த ஜனவரி 15 அன்று அவர் பேரால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் அரசு மணிமண்டபம் அமைத்தது. அவர் தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊர்தோறும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பணியில் உடனிருந்த பொறியாளர் மெக்கன்சி 1899இல் எழுதிய அணை வரலாற்றிலும், அரசாங்க ஆவணங்களிலும் காண்பது, சென்னை அரசாங்கத்தின் செலவிலேயே வேலை முடிந்தது என்பதுதான்.

நல்ல ஊர்ச் சரித்திரம் இரண்டையும் எழுத வேண்டும். ஆவணம் கூறுவதை ஆவணமாகவும், ஊரின் நம்பிக்கையை நம்பிக்கையாகவும் வெவ்வேறாக எழுதி, ஒன்றை மற்றொன்றாகக் காட்டாமல் விட வேண்டும். வெள்ளத்தில் தற்காலிக அணைகள் மறுபடி மறுபடி அடித்துச் செல்லப்பட்டும் மனம் தளராமல் நின்ற அந்த மனிதருக்குச் செலுத்தும் மரியாதை, சொத்துக் கதை இல்லாததால் ஓர் அணுவும் குறையாது. அதோடு, அந்தக் காட்டில் காய்ச்சலிலும் விபத்திலும் மாண்ட கூலி ஜனங்களைப் பற்றிய பேச்சு எந்தெந்த ஊரில், எந்தெந்தக் குடும்பத்தில் இன்னும் தங்கியிருக்கிறது என்று விசாரித்து எழுதுவதும் அந்த ஊர்களின் கடமை. பென்னிகுவிக்குக்குச் சிலை வைத்த நாம், கல் சுமந்த நம் பாட்டனுக்கு ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. ஊர்ச் சரித்திரம் என்று ஆரம்பித்து சாதிச் சரித்திரமாக முடிவது நம் நாட்டில் மிகச் சுலபம். ஒரு சமூகத்தின் பழம்பெருமையை ஆயிரம் பக்கத்தில் எழுத ஆளும் பணமும் கிடைக்கின்றன. ஒரு தெருவையும் விடாமல் ஊரை எழுத ஆள் கிடைப்பதில்லை. கம்பம் நகரையே பாருங்கள்: கன்னடம் பேசி வந்த ஒக்கலிகர், தெலுங்கு பேசும் நாயக்கர், இராவுத்தர், கள்ளர், பள்ளர், பறையர், அருந்ததியர், இன்னும் பல சமூகத்தார் ஒரே தண்ணீரைப் பகிர்ந்து வாழும் இடம் அது. நந்தகோபாலன் கோவில் தொழுவத்தில் ஒக்கலிகர் பேணும் தம்பிரான் மாடுகளை மாட்டுப் பொங்கலன்று தரிசிக்க எத்தனையோ பேர் திரள்கிறார்கள். கண்ணகி கோட்டத்துக்குச் சித்ரா பௌர்ணமியன்று ஜனங்கள் மலையேறும் பாதை பளியன்குடியில் தொடங்குகிறது. அந்த மலையின் பூர்வகுடிகளான பளியர் இல்லாமல் எந்த ஊரின் சரித்திரம் அங்கே பூரணமாகும்?

அதே சமயம், 1989இல் போடி வட்டாரத்தில் மூண்ட சாதிக் கலவரத்தையும் ஊர்ச் சரித்திரம் எழுத வேண்டும். தலைக்கட்டு வரியை யாரிடம் வாங்கவில்லை என்று முன்பு கேட்டேனே, அதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. கோவில் வரியில் சேர்க்கப்படாத தெருவுக்கு ஊர்க்கூட்டத்தில் இடமும் இல்லை. தேர் அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. டீக்கடையில் தனித் தம்ளர் இருந்தது. இவற்றை எழுதினால் ஊரின் மானம் போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எழுதாவிட்டால் எழுதிய மற்றவையும் பொய்யாகிவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதையும் ஜெர்மனியிடமிருந்தே கற்கலாம். முன்னே நான் பாராட்டிய அதே ஆலயப் பதிவேடுகளை, 1933க்குப் பின் ஹிட்லரின் ஆட்சி, யார் சுத்த ஆரிய வம்சத்தவர் என்று நிரூபிக்கச் சொல்லும் கருவியாக்கிக்கொண்டது. பாட்டன் பூட்டன் பெயரைத் தேடிச் சந்தோஷமாகப் புரட்டிய ஏடே, அண்டை வீட்டு யூதரை வேலையிலிருந்து நீக்கவும் பின்னர் கொலைக்களத்துக்கு அனுப்பவும் துணையாயிற்று. யுத்தம் முடிந்து ஊர்கள் மறுபடி தம் சரித்திரங்களை எழுதியபோது, அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை ஒரு பத்தியில் கடந்துவிட்ட புத்தகங்கள் பல. நூற்றாண்டுகளாக அந்தக் கிராமங்களில் மாடு வியாபாரமும் சில்லறைக் கடையும் நடத்திய யூதக் குடும்பங்கள் அப்பக்கங்களில் இல்லவே இல்லை. பிற்காலத் தலைமுறை அந்த மௌனத்தைப் பொறுக்கவில்லை. குந்தர் டெம்னிக் என்னும் சிற்பி 1990களில் தொடங்கி, கொண்டு செல்லப்பட்டவர்கள் கடைசியாக வசித்த வீடுகளின் வாசலில் அவர்கள் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகளைப் பதிக்கலானார். ஐரோப்பா எங்கும் அவை 2023இல் ஒரு லட்சத்தை எட்டின. ஊர் மறைத்த பெயர்களை ஊரின் நடைபாதையே பேச வேண்டியதாயிற்று. நாம் முதல் பதிப்பிலேயே எழுதிவிட்டால், பேரப்பிள்ளைகளுக்கு அந்த வேலை மிஞ்சாது.

காலம் நம் பக்கம் இல்லை. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்ப்பரப்பில் மூழ்கிய ஊர்களின் வாழ்வு, அவற்றுள் ஒன்றான மெட்டூரில் பிறந்த வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்னும் நாவலை எழுதி, அது 2003இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றதால் தமிழுலகுக்குத் தெரிந்தது. மூழ்கும் ஊர் எல்லாவற்றுக்கும் ஒரு நாவலாசிரியன் பிறப்பான் என்று நம்பி இருக்கலாகாது. நம் ஊர்கள் இப்போது தண்ணீரில் மூழ்கவில்லை. வேறு விதமாகக் கரைகின்றன. விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் பழம் எடுக்கப் போய், பொழுது சாய்ந்து திரும்பும் பெண்களின் உழைப்பில்தான் எத்தனையோ வீடுகள் நிற்கின்றன. அவர்களுடைய வாழ்வு எந்த ஏட்டிலும் முழுதாக இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றி, எல்லைக்கு அப்பால் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டு, பள்ளத்தாக்கின் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தார்களே, அந்த நாட்களை அனுபவித்தவர்கள் பலர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். இப்போது கேட்டால் சொல்வார்கள். காட்டில் மேய்ச்சலுக்குத் தடை வந்து, மலைமாடு வளர்த்தவர்கள் மந்தைகளை விற்கும் காலம் இது. கிடை போட்ட இடங்களின் பெயர்களும் மாடுகளுக்கு இட்ட பெயர்களும் அந்த மேய்ப்பர்களின் நாவில் மட்டுமே இருக்கின்றன.

காமயகவுண்டன்பட்டியில் காந்தியடிகளுக்குக் கோவில் எழுப்பி, சுதந்தரப் போருக்கு ஊர் தன் பிள்ளைகளைக் கொடுத்ததைப் பெருமையோடு நினைவுகூரும் வழக்கம் இருக்கிறது. பண்ணைப்புரம் என்றால் இளையராஜாவை உலகம் அறியும். பொதுவுடைமை மேடைகளில் பாடித் திரிந்த அவர் தமையன் பாவலர் வரதராசனையும் ஊர் மறக்கவில்லை. ஊர்ப்பற்று நம்மிடம் குறைவில்லை என்பதற்கு இவை போதும். அந்தப் பற்றைச் சற்றுத் திசை திருப்பினாலே காரியம் நடக்கும்.

என் யோசனை எளியது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபை ஒன்றில் ஊர்ச் சரித்திரம் எழுதுவதெனத் தீர்மானம் நிறைவேற்றட்டும். நகராட்சியும் பேரூராட்சியும் ஆன ஊர்களில் மன்றமே அதைச் செய்யலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர், கல்லூரி மாணவர் சிலர், ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவர், அவர்களில் பாதிப்பேராவது பெண்கள் என்று ஒரு குழு அமையட்டும். முதல் வேலை, எண்பதைத் தாண்டியவர்களைக் கண்டு அவர்கள் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்வது. இதற்குச் செலவே இல்லை. அடுத்து, நோட்டுகளையும் பத்திரங்களையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு அசலை உரியவரிடமே திருப்பிக் கொடுப்பது. புத்தகம் அச்சிடும் செலவுக்கு நன்கொடையாளரைத் தேடுவதைவிட, ஒரு திருவிழா ஆண்டில் வாண வேடிக்கைக்கு ஆகும் தொகையை ஒதுக்கினால் நல்லது. நன்கொடையாளர் வந்தால் அவர் பாட்டனாரின் படம் முதல் பக்கத்துக்கு வந்துவிடும்.

அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப் பிரதியை மந்தையில் வைத்து ஊர் கேட்க வாசிக்க வேண்டும். தவறு என்று ஒருவர் எழுந்து சொன்னால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் அச்சிட வேண்டும். அந்த வாசிப்பு ஒரே இடத்தில் நடந்து முடிந்துவிடலாகாது. எல்லாத் தெருக்களிலும் நடக்க வேண்டும். முதல் நாள் வாசிப்பைக் காலனியிலிருந்து தொடங்க வேண்டும்.